இருபத்துமூன்று நாள்

மார்ச் 3

எங்கள் இன்சூரன்ஸ் நிறுவனம் போதை மாத்திரையை விட்டவர்களைத் திரும்பவும் மாத்திரை போட வைக்கிறது. கோபத்தில் எழுதவில்லை, விதியே அப்படித்தான். போதை மீட்புக்கு ஆஸ்பத்திரியில் சேர இன்சூரன்ஸ் வேண்டுமானால், ரத்தச் சோதனையில் மருந்து தெரிய வேண்டும். தெரியாவிட்டால் 'அவசரத் தேவை இல்லை'.

இன்று முப்பத்தொரு விண்ணப்பம் பார்த்தேன். பதினெட்டை நிராகரித்தேன். மேனேஜர் — 'கத்தரி' என்போம் — முதுகில் தட்டினார். "உனக்குக் கை சுத்தம்பா." சந்தோஷமாகத்தான் இருந்தது.

மார்ச் 5

அக்கா அழைத்தாள். முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு பிடித்துக்கொண்ட வலி மாத்திரையைப் பத்தொன்பது நாளாக விட்டிருக்கிறாளாம். என்னிடம்கூடச் சொல்லவில்லை. நடுக்கம், வாந்தி, கண்ணில் பொட்டுத் தூக்கமில்லை. டாக்டர் சேரச் சொல்லியிருக்கிறார். அவள் கணவர், மாமா, வேலை பார்க்கும் தொழிற்சாலையின் இன்சூரன்ஸ் எங்களுடையதுதான். இரண்டு வருடம் அந்த மாத்திரைக்கு ஒரு கேள்வி கேட்காமல் பணம் கொடுத்தவர்களும் நாங்கள்தான்.

"ரிஜெக்ட் பண்ணிட்டாங்கடா. உங்க ஆபீஸ்ல எவனோ ஒரு புண்ணியவான்."

விண்ணப்ப எண்ணைப் படிக்கச் சொன்னேன். எங்களுக்குப் பெயர் வராது, எண் மட்டும்தான். பாரபட்சம் கூடாதாம்.

முந்தாநாள் போனது. பதினெட்டில் ஒன்று. என் கையெழுத்து.

சொல்லவில்லை.

மார்ச் 6

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 7

கத்தரியிடம் போனேன். "சார், விட்டவங்களுக்குத்தானே அப்ப உதவி வேணும்?"

"குளிச்சு முடிச்சவனுக்கு எதுக்குப்பா தண்ணி மோந்து ஊத்துற?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். ச்சீ.

மார்ச் 9

அக்கா மறுபடி அழைத்தாள். குரலில் உயிரே இல்லை. "நேராவே கேக்குறேன். ஒரே ஒரு தடவ போட்டுட்டு ரத்தம் குடுத்தா சேத்துப்பாங்களா?"

இல்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். அப்படிப் போட்டுவிட்டு வந்து தேறிய விண்ணப்பங்கள் எத்தனை பார்த்திருக்கிறேன்.

"ம்" என்றேன்.

வேண்டாம், நான் சண்டை போடுகிறேன், நான்தான் அந்தப் புண்ணியவான் — ஒன்றும் வாயில் வரவில்லை. சண்டை போட்டால் வேலை போகுமே என்று உள்ளே ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே.

மார்ச் 10

பழைய அளவையே போட்டிருக்கிறாள். பழக்கம் விட்ட உடம்பு அதைத் தாங்கவில்லை. மூச்சு நின்றுபோய்க் கிடந்தவளை மாமா தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். தீவிர சிகிச்சைப் பிரிவு.

காலை பதினொரு மணிக்கு மீட்புச் சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் அனுமதி வந்துவிட்டது. சோதனையில் மருந்து தெளிவாகத் தெரிந்ததாம். ஆபீஸில் என் பக்கத்து மேசைக்காரி நாலு நிமிடத்தில் போட்டுக் கொடுத்தாள்.

மார்ச் 13

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நின்றேன். அடித்திருந்தால் தேவலை.

"அவ முழிச்சதும் நீயே சொல்லு மச்சான். நான் உன் தபால்காரன் இல்ல."

மார்ச் 16

முழித்துவிட்டாள். பேச்சு குழறுகிறது. வலது கை தம்ளரைப் பிடிக்கவில்லை.

சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே, "எத்தன நாளு?" என்றாள்.

"என்னக்கா?"

"நான் விட்டிருந்தது."

"இருபத்துமூணு."

"அத எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கீங்களா, உங்க ஆபீஸ்ல?"

இல்லை. படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது.

மார்ச் 30

என்னைப் பழைய கோப்பு அறைக்கு மாற்றிவிட்டார்கள். கத்தரி முகம் கொடுப்பதில்லை. பக்கத்து மேசைக்காரி இன்று பதினொன்றை நிராகரித்தாள் — சாப்பாட்டு நேரத்தில் அவளே சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல்.

தலைமை அலுவலகத்துக்கு இன்று மூன்றாவது முறையாக அதே கடிதத்தை அனுப்பினேன். என் பெயரும் அக்காவின் விண்ணப்ப எண்ணும் போட்டு:

ரத்தத்தில் மருந்து இருந்தால்தான் சிகிச்சை என்ற விதியை எடுங்கள். முடியாதென்றால், முடியாது என்று ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.