லாரிக்குப் பயந்தவள்

அன்புள்ள தங்கமாரிக்கு,

நம் ஊரை இரண்டாகப் பிளந்த நாலுவழிச் சாலையை உடைத்துக் கட்டி, அடியில் நடந்துபோகச் சுரங்கப்பாதை திறந்துவிட்டார்கள். நேற்று நீ அதன் வழியாக இந்தப் பக்கம் வந்ததை என் வாசலிலிருந்து பார்த்தேன்.

இத்தனை வருடமும் நான் கூப்பிட்டபோதெல்லாம், "ரோட்டைத் தாண்டப் பயமாருக்குடி, லாரியா வருது" என்றாய். நம்பினேன்.

நேற்று நீ நேராகப் போனது என் பக்கத்து வீட்டுக்கு, பலசரக்குக் கடை சுபத்ராவிடம். "மதினி, காப்பி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தாய். அவள் உனக்கு எந்த வழியில் மதினி? திரும்பும்போது என்னைப் பார்த்து, "நல்லாருக்கீகளா?" என்றாய். கான்வென்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு எதற்கு இந்த மரியாதை? அது எனக்கு அறைந்ததுபோல் இருந்தது.

நீ ஏன் என் வீட்டுக்கு வருவதில்லை என்று சுபத்ராவிடமே கேட்டுவிட்டேன். அவள் சிரிக்கிறாள். "அவுக லாரிக்கா பயந்தாக? உங்களுக்குத்தான். என்ன பேசினாலும் குத்தம் கண்டுபிடிப்பீகளாமே."

இரவெல்லாம் யோசித்தேன். மறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. குற்றம் சொல்லாமலிருக்கப் பார்க்கிறேன். தனியாக வரத் தயக்கமென்றால் சுபத்ராவையும் கூட்டிக்கொண்டு வா. அவளுக்கும் சேர்த்தே காப்பி போடுகிறேன்.

இப்படிக்கு,
இன்னமும் உன் சிநேகிதி