உச்சமுனை ராத்தாவின் பிளேயர்

ஒக்டோபர் 14, செவ்வாய்

தில்லையடியில் இருக்கும் என் ரேடியோ திருத்தும் கடைக்கு இன்று உச்சமுனையிலிருந்து ஒரு ராத்தா வந்தார். கடலில் மூழ்கி மௌத்தான கணவரின் குரல் பதிந்த பழைய எம்பி3 பிளேயரைக் கொண்டுவந்திருந்தார். இரைச்சல் கூடிக்கூடி இப்போது அவர் கதைப்பதே விளங்குவதில்லை என்றார்.

திறந்து பார்த்தேன். கண்டென்சர்கள் கசிந்து கெட்டுப்போயிருந்தன. அவற்றைக் கழற்றிவிட்டுப் புதியவை போட்டு ஓடவிட்டேன். "புள்ளையளப் பாத்துக்க, பெருநாளைக்கு வந்துருவன்" என்று அந்த மனிதர் பக்கத்தில் நின்று சொல்வது போலக் கேட்டது. எனக்கு நல்ல சந்தோஷம்.

ராத்தா இயர்போனை வைத்துக் கேட்டார். அவருடைய முகம் மாறியது.

"கடல் சத்தம் எங்க தம்பி?"

"என்ன கடல் ராத்தா?"

"கடக்கரையில மீன் வாடியில இருந்து பதிஞ்சுகொண்டு வந்தது எண்டுதான் சொன்னவர். பின்னால கடல் இரைஞ்சுகொண்டே இருக்கும்."

அது பழுதான கண்டென்சரின் இரைச்சல். அதைச் சொல்லாமல் வால்யூமைக் கூட்டிக் கொடுத்தேன். அவர் மறுபடியும் கேட்டார். குரலுக்குப் பின்னால் மூடிய அறையின் அமைதி மட்டும்தான் இருந்தது.

"அப்ப அவர் எங்க இருந்து கதைச்சிருக்கார்?"

"புதுக் கண்டென்சர் வெளிச் சத்தத்த வெட்டிரும் ராத்தா" என்று பொய் சொன்னேன்.

"ஓம்" என்றார். நம்பினாரோ தெரியாது. எழுந்து நடந்தார். பிளேயரை எடுக்கவில்லை. கூப்பிட்டேன்.

"அது இங்கயே கிடக்கட்டும் தம்பி" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

இப்போது அது என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. இன்னொரு முறை போட்டுக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.