குளத்துக்குப் போய்த் திரும்பிய ஆமை

ஆடி அமாவாசை, இரவு

தொட்டியில் வளர்த்த சிவப்புக் காது ஆமை தாம்பாளம் அளவு பெருத்து, வீட்டையே ஆளத் தொடங்கிவிட்டது. நல்ல நாளில் குளத்தில் விட்டால் ஏழேழு தலைமுறைக்கும் புண்ணியம் என்று, அதற்கு மாலை சாத்தி, பட்டத்து யானையை வழியனுப்பும் மகாராஜாவைப்போலக் காலையில் ஸ்கூட்டரில் புறப்பட்டேன்.

குளக்கரையில் பறவை பார்க்க வந்திருந்த கொழுந்தியாள் மணிமேகலை வழிமறித்தாள்.

"ஏனுங்க மாமா, இது நம்மூர் ஆமைங்களா? அமெரிக்காக்காரனுங்க. தவளை முட்டை, மீன் குஞ்சு எதையும் மிச்சம் வெக்காது. நம்ம ஆமையை வெயில் காயக்கூட உடாது."

"மாலையெல்லாம் போட்டுப்போட்டேனே அம்மணி."

"அதைக் கழட்டி நீங்க போட்டுக்கிட்டு, இதை ஊட்டுக்குக் கொண்டு போங்க."

அருகே ஒரு கல்லில் கறுத்த நாட்டு ஆமை ஒன்று கழுத்தை நீட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. என் கையிலிருந்தவர் அந்தக் கல்லைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பிவிட்டேன்.

இப்போது பின்கட்டுச் சிமெண்டுத் தொட்டியில் கடலே பொங்குவதுபோல நீரை அடிக்கிறார். ஆயுசு முழுக்க நான்தான் சோறு போட வேண்டுமாம். போடுகிறேன். அவள் வராதிருந்தால் புண்ணியத்தின் பெயரால் ஒரு குளத்தையே காலி செய்திருப்பேன். நேரில் நன்றி சொன்னால் கிண்டலடித்தே கொன்றுவிடுவாள். அதனால் இங்கே சொல்கிறேன்: நீ நல்லா இருக்கோணும் அம்மணி.