கசப்பென்று நான் திருப்பிய பணம்

அன்புள்ள மகன் ஒடேராவுக்கு, அம்மா அபோண்டி எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை அவினோவும் மிச்சமிருக்கும் நாலு கோழிகளும் கடவுள் புண்ணியத்தில் சுகம். அங்கே நீ சுகமா என்று எப்போதும் ஒப்புக்குக் கேட்டுவிட்டு ஊர்க்கதைக்குப் போய்விடுவேன், இந்த முறை அதைத் தெரிந்துகொள்வதற்காகவே கடிதம் எழுதுகிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக உன்னிடமிருந்து போன் வரவே இல்லை. நான் கூப்பிட்டாலும் அணைத்து வைத்திருப்பதாக ஒரு பெண் குரல்தான் சொல்கிறது, அவள் குரலே எனக்கு வெறுத்துப்போயிற்று. நல்லவேளையாக நம் பாஸ்டர் மகன் சாலமன் விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை தோஹா திரும்புகிறான், உன் கையிலேயே இதைக் கொடுக்க வேண்டும், வேறு யாரிடமும் தரக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவினோவை எழுதச் சொல்லியிருந்தால் எழுத்து அழகாக இருந்திருக்கும், ஆனால் இது அவளை வைத்து எழுதுகிற கடிதம் இல்லை. அதனால் என் கோழிக் கிறுக்கலைப் பொறுத்துக்கொண்டு வாசி.

மழை இந்த வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது. நம் கூரைப்புல் இரண்டு வருஷமாக மாற்றவில்லை, அடுப்புப் பக்கமும் என் கட்டில் பக்கமும் ஒழுகுகிறது, மாவுப் பானையை ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு மூலைக்குத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். முன்பெல்லாம் எல்லா வீட்டுப் பெண்களும் சேர்ந்து போய்ப் புல் அறுத்து வருவோம், இப்போது புல்வீடு என்று இருப்பதே நம்முடையதும் இன்னும் நாலைந்தும்தான், என்னோடு புல் அறுக்க வர யாருக்கும் தேவை இல்லை. உன் சித்தி ரிஸ்பா வீட்டுத் தகரத்தில் மழை விழுந்தால் நம் வீட்டில் பேச்சுக் கேட்காது. அந்தத் தண்ணீர் முழுக்க அவள் தொட்டியில் போய் நிரம்புகிறது, அதைத்தான் நானும் எடுத்துவருகிறேன். இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை, வாரத்தில் மூன்று நாள் நான் ரிஸ்பாவின் அவரைக் கொல்லையில் கூலிக்குக் களை எடுக்கிறேன். நானும் அவளும் ஒரே வருஷம் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர்கள், ஒரே கரும்புத் தோட்டத்தில் ஒரே கூலிக்குக் குனிந்தவர்கள். அவள் ஒருநாளும் என்னை வேலைக்காரியாக நடத்தவில்லை, கூலியைக்கூட முகத்தைப் பார்க்காமல் கையில் வைத்துவிட்டு வேறு பேச்சுப் பேசுவாள். அது இன்னும் சுடுகிறது.

அவளுக்கு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். அந்த உதவிக்காரர்கள் புல்வீடு புல்வீடாக வந்து, ஒன்றும் திருப்பித்தர வேண்டாம், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று போனில் பணம் போட்டார்களே, அதுதான். முதல் தவணை வந்ததும் உன் சித்தப்பா கறுப்பு ஷூ ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் குடித்தார். ரிஸ்பா போனைப் பிடுங்கி மாவுப் பானைக்குள் புதைத்துவிட்டாள். பிறகு தகரம், தொட்டி, ஒரு மாடு, மூத்த பெண்ணுக்கு நர்ஸ் படிப்பு. நமக்கு ஏன் வரவில்லை என்று நீ கேட்டபோது, நம் பெயர் பட்டியலில் இல்லை என்று சொன்னேன். நீயும் நம்பி, அந்தப் பட்டியல் எழுதினவனை ஒரு நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தாய். ஒடேரா, நம் பெயர் இருந்தது. அந்த உதவிக்காரப் பெண் நம் வாசலுக்கு மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் நான்தான் வேண்டாம் என்றேன். அவள் கொடுத்துவிட்டுப் போன போனைக்கூட மறுநாள் பாஸ்டர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, திருப்பி அனுப்பிவிடச் சொன்னேன்.

ஏன் என்று கேட்பாய். உன் அப்பா உன் தாத்தாவின் சமாதி இருந்த ரோட்டோரத் துண்டு நிலத்தை விற்றது உனக்கு ஞாபகம் இருக்கும். அது கசப்புப் பணம், அதில் மாடும் வாங்கக்கூடாது பெண்ணும் எடுக்கக்கூடாது என்று குலத்துப் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர் மாடு வாங்கவில்லை, மோட்டார் சைக்கிள் வாங்கி வாடகைக்கு ஓட்டினார். பதினோராவது மாதம் லாரிக்கடியில் கிடந்தார். வேர்வை சிந்தாமல் வந்த பணம் வீட்டுக்குள் வந்தால் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டுதான் வெளியே போகும் என்று அன்றைக்கு என் மனசில் பதிந்துவிட்டது. அப்புறம் இவர்கள் சும்மா தருகிறோம் என்று வந்தபோது ஊரெல்லாம் ஒரு பேச்சு, இது பேய்ப் பணம், வாங்குகிற வீட்டின் மூத்த பிள்ளையைக் கேட்டு வருவார்கள் என்று. கிணற்றடியில் ஒருத்தி என்னிடமே சொன்னாள், "உனக்கு இருக்கிறதே ஒத்த ஆம்பளப் புள்ள, அதுவும் மூத்தவன், தகரத்துக்காக அவனக் குடுத்துருவியா" என்று. நான் குடுக்கமாட்டேன் என்று வந்து கதவைச் சாத்தினேன். ரிஸ்பா மட்டும் அன்றைக்கும் சிரித்தாள். அவள் பிள்ளைகள் எல்லாம் இன்றைக்கும் கல்லுப்போல இருக்கின்றன. போன மாதம் பால் கறந்துகொண்டே, "ஏன்டி அபோண்டி, பேய்க் காசுல வாங்குன மாடுன்னா இந்நேரம் ரத்தமில்ல கறக்கணும், இந்தா ஒரு வாய் குடிச்சுப் பாரு" என்று குவளையை நீட்டினாள். நான் குடித்தேன். நல்ல பால்.

உன்னை யாரும் கொண்டுபோய்விடக்கூடாது என்று கதவைச் சாத்தினேன், நீ அதே கதவைத் திறந்துகொண்டு தோஹாவுக்குப் போய்விட்டாய். வீட்டில் ஒன்றும் இல்லை, அவினோவைப் படிக்கவைக்க வழியில்லை என்றுதானே போனாய். அந்தப் பணம் இருந்திருந்தால் போயிருக்கமாட்டாய். போவதற்கு வாங்கின கடனுக்கே உன் சம்பளம் இன்றுவரை போகிறது. எட்டுப் பேர் ஓர் அறையில் படுக்கிறோம், வெயிலில் நிற்கும்போது ஷூவுக்குள் கால் வெந்துபோகிறது என்று நீ சிரித்துக்கொண்டே சொன்ன நாளெல்லாம் இதைச் சொல்லிவிட வாயைத் திறந்து மூடிக்கொண்டேன்.

இப்போது கேள். விட்டுப்போன வீடுகளுக்காக அவர்கள் மறுபடி வந்தார்கள். அதே பெண், கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். "அம்மா, இந்தத் தடவையும் கதவு சாத்துவீங்களா" என்று வாசலிலேயே நின்று கேட்டாள். நான் உட்காரச் சொல்லி உகாலிக் களியும் ஓமெனா மீனும் வைத்தேன், சரி என்றேன். மறுவாரம் வியாழக்கிழமை போனில் முதல் தவணை வந்துவிட்டது. அந்த ஞாயிறு நீ கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை, அதற்கடுத்ததும் இல்லை. என் நிலைமையை நினைத்துப் பார். வியாழன் பணம், ஞாயிறு நீ இல்லை. ஒரு ஷில்லிங்கைக்கூடத் தொடவில்லை. தொடாமல் இருந்தால் திருப்பிவிடலாம், திருப்பினால் உன்னை விட்டுவிடுவார்கள் என்று பைத்தியக்காரி மாதிரி கணக்குப் போட்டேன். ரிஸ்பா வந்து திட்டித் தீர்த்தாள், "அவன் போனு ஒடஞ்சிருக்கும், இல்லன்னா எவனாச்சும் களவாண்டிருப்பான், நீ பாட்டுக்குக் குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருந்தா புள்ள வந்துருவானா" என்றாள். சாலமனும் அங்கே போன் திருட்டு சகஜம் என்றுதான் சொல்கிறான். அவர்கள் சொல்வது பகலில் தோட்டத்தில் இருக்கும்போது சரியாகத்தான் படுகிறது, வீட்டுக்குள் வந்தால் பயம் வந்துவிடுகிறது.

ஆனால் பள்ளிக்கூடம் காத்திருக்காதே. இரண்டு வருஷம் சந்தையில் ஓமெனா விற்றுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணை போண்டோ விடுதிப் பள்ளியில் சேர்த்துக்கொள்கிறேன் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருக்கிறார், வெள்ளிக்கிழமைதான் கடைசி என்றார். அவினோவுக்கு என் பயம் தெரியும். வியாழக்கிழமை சாயங்காலம் மீன் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "அண்ணன் பேசட்டும்மா, நான் அடுத்த வருஷம் போறேன்" என்றாள். தன்னைவிட இரண்டு வயது சின்னப் பிள்ளைகளோடு உட்காரவே கூசுகிறவள், அடுத்த வருஷம் போகமாட்டாள். எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஒரு பிள்ளைக்குப் பயந்து இரண்டு பிள்ளைகளையும் கெடுத்தவள் நான், இன்னொரு தடவை அதையே செய்ய முடியவில்லை. நேற்றுக் காலை போன் பணத்தை மாற்றித் தருகிற சந்தைக் கடைக்குப் போய்ப் பணத்தை எடுத்தேன். ரகசிய எண்ணைத் தப்பாக அழுத்தினேன், கடைக்காரன் பொறுமையாக மறுபடி அழுத்தச் சொன்னான். அவள் சீருடை போட்டுப் பெட்டியோடு நின்றபோது உன் சாயல் இருந்தது. அவளை விட்டுவிட்டு பஸ்ஸில் வரும்போது அழுதேன், சந்தோஷமா பயமா என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டாவது தவணை இரண்டு மாதத்தில் வரும். தகரம் போடு என்கிறாள் ரிஸ்பா, கூரைக்குச் சரியாக இருக்குமாம். உன் விமான டிக்கெட்டுக்கும் சரியாக இருக்கும், சாலமனிடம் விசாரித்துவிட்டேன். போன தடவை உன்னை வைத்து முடிவெடுத்தேன், உன்னைக் கேட்கவில்லை. இந்தத் தடவை கேட்கிறேன். வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் கூரை ஒழுகட்டும், உனக்கு அனுப்புகிறேன். அங்கேயே இருந்து சம்பாதிக்கிறேன் என்றால் தகரம் போட்டு உனக்கு ஓர் அறையும் வைக்கிறேன். என் மேல் கோபம் என்றால் அதையும் சொல், திட்டவாவது உன் குரல் வரட்டும்.

சாலமனிடம் வறுத்த வேர்க்கடலை கொடுத்தனுப்பியிருக்கிறேன், அறையில் எல்லோருக்கும் பங்கு வை. தண்ணீர் நிறையக் குடி, வெயிலில் வெறுந்தலையோடு நிற்காதே. நீ பிறந்த அன்றைக்கு உன்னை என்னிடம் தந்தவரே உன் தலைக்கு மேல் கை வைத்திருக்கட்டும், உன் கால் போகிற இடமெல்லாம் உனக்குக் குளிர்ந்திருக்கட்டும்.

உன் குரலுக்காகக் காதைத் தீட்டி வைத்திருக்கும்
அம்மா, அபோண்டி

பி.கு. ரிஸ்பா வீட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டு போனை இடுப்பிலேயே முடிந்து வைத்திருக்கிறேன், களை எடுக்கும்போதும். உன்னுடையது இல்லாவிட்டால் சாலமன் போனில் கூப்பிடு. நீ பேசவேண்டாம், இருமினாலும் போதும், எனக்குத் தெரிந்துவிடும்.