குட்டைக் கிடேரியும் லாயிடு வீட்டு வேலியும்

அன்பு மகள் கெண்ட்ராவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், உங்கம்மா சுகம், அவளுக்கு வைத்த புது முழங்கால் அவளைவிடச் சுகம். நீ அந்த அலாஸ்காக் குளிரில் பத்து விரலும் குறையாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் மணி அடித்தால் உங்கம்மா பாய்ந்து எடுத்துக்கொள்கிறாள், என் முறை வருவதற்குள் நீ ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிவிடுகிறாய். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இது, தப்பு இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

உங்கம்மா மே மாசத்தோடு பள்ளிக்கூடத்துச் சமையல் வேலையை விட்டாள் அல்லவா, அதிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. தினம் ஒரு மைல் நடக்காவிட்டால் புது முழங்காலும் பழசு மாதிரியே மடங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார், நானும் சொன்னேன், யார் சொல்லையும் கேட்கவில்லை. போனில் கன்றுக்குட்டிப் படம் பார்ப்பதுதான் முழுநேர வேலை. ஸ்காட்லாந்துச் சடை மாட்டில் குட்டை ரகமாம், கண்ணை மறைத்து முடி தொங்கும், நீ பத்தாவது படித்தபோது வைத்திருந்தாயே அந்த நெற்றி முடி, அச்சு அசல் அதேதான். ஒன்று வாங்க வேண்டும் என்றாள். ஏற்கெனவே நாலு பசு நிற்கிறதே என்றேன். அதெல்லாம் உங்க மாடு, எனக்குன்னு ஒண்ணு வேணும், அது இருந்தா காலையும் சாயங்காலமும் மேய்ச்சலுக்கு நானே நடப்பேன் என்றாள். கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது ஒரு அடுப்பு, அப்புறம் இது. சரி என்றேன்.

முதலில் போனில் ஒருத்தன் அகப்பட்டான். பிறந்து பத்து நாள் கன்று, பால் புட்டியோடு லாரியில் ஏற்றிவிடுகிறேன், கடைசிவரை நாய் உயரம்தான் இருக்கும் என்றான். உங்கம்மா சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டாள். நம்ம மாட்டு டாக்டர்தான், தாய்ப்பசுவைக் காட்டச் சொல்லுங்க என்றார். கேட்டோம், போனை வைத்தவன் வைத்தவன்தான். பிறகு டாக்டரே ஒரு பெயர் கொடுத்தார். இர்மா ஹால்சி, அர்கன்சாஸ் எல்லைப் பக்கம், இருபது வருஷமாக இந்த ரகம் வளர்க்கிறவள். போனோம். கன்று ஆறு மாசத்துக் கிடேரி, பால்குடி மறந்தது, காய்ந்த சோளத்தட்டை நிறம். தாயையும் தகப்பனையும் முன்னால் நிறுத்திக் காட்டினாள், ரத்தம் சோதித்த காகிதத்தையும் நீட்டினாள். எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று கேட்டதற்கு, அநேகமா உங்க இடுப்பு வரைக்கும், ஆனா சத்தியம் பண்ண மாட்டேன், சத்தியம் பண்றவன்கிட்ட வாங்காதீங்க என்றாள். அந்த இடத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. உங்கம்மா அதற்குள் கிரேவி என்று பெயரே வைத்துவிட்டாள். மாட்டுக்குக் கறிக்குழம்பின் பெயரை வைத்தால் அது ராத்திரி தூங்குமா என்றேன், நீங்க வாயை மூடிக்கிட்டு நில்லுங்க என்றாள்.

நாங்கள்தான் கன்றைச் சோதித்துப் பார்க்கப் போனோம் என்று நினைத்திருந்தோம், அவள் எங்களைச் சோதித்துப் பார்க்க வந்தாள். அடுத்த வாரமே வண்டியில் வந்து இறங்கி, கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, வைக்கோல் எல்லாவற்றையும் பார்த்து, நாலு பசு துணைக்கு இருக்கிறது நல்லது, இதுகள் தனியா இருந்தா ஏங்கிப் போயிடும் என்றாள். கடைசியில் கிழக்கு வேலிக்குப் போய் நின்றாள். அந்தப் பக்கம் லாயிடுடைய கறுப்புக் காளை நிற்கிறது. வேலியில் அது நுழைகிற அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டையை நான் ஏன் அடைக்கவில்லை என்று உனக்கே தெரியும், வருஷம் மூன்று கன்று நமக்குச் சும்மா கிடைக்கிறது. நீயும் அவன் மகன் கர்ட்டும் பிரிந்த பிறகு அந்த வீட்டிலிருந்து இங்கே வந்துபோனது அந்தக் காளை ஒன்றுதான். சும்மா கிடைக்கிற கன்றைப் பற்றி இர்மாவிடம் சொன்னேன், அவள் சிரிக்கவே இல்லை. இவ்வளவு பெரிய காளையால இவ சினையானா கன்னு வெளிய வராது, தாயும் சேர்ந்து செத்துப்போகும், வேலி சரியாகாம என் கிடேரியை இந்த மண்ணுல இறக்க மாட்டேன், சனிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன், ஓக்லஹோமாக்காரங்க ஒருத்தர் இவளை வாங்கக் காத்துக்கிட்டிருக்காங்க என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். உங்கம்மா போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். போன் பக்கத்தில் கிடந்தது, எடுக்கவில்லை.

மூன்று வருஷமாக அந்த ஓட்டை லாயிடு பாகத்தில்தான் இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அவனைப் பார்க்காமல் அடைக்கவும் முடியாது. மறுநாள் காலை போய்க் கதவைத் தட்டினேன். என்ன சம்பந்தி, வழி தவறிட்டீங்களா என்றான். பழைய சம்பந்தின்னு சொல்லு, வா, வேலியை அளக்கணும் என்றேன். நம்ம பக்கத்து வழக்கம்தான், இரண்டு பேரும் இரண்டு கோடியிலிருந்து காலடி எண்ணி வந்து, நடுவில் வேலிக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் அந்தப் பக்கம் ஒருத்தனாக எதிரெதிரே நின்று, அவனவன் வலது கைப் பக்கம் போகிற வேலி அவனவன் பாடு. எண்ணி வந்து மூஞ்சிக்கு மூஞ்சி நின்றோம். நான் வலது கையை நீட்டினேன். நீட்டின கைக்கு நேரே ஓட்டை. என் பாகம். லாயிடு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். ஆக, மூணு வருஷமா என் காளைக்குக் கதவு திறந்து வச்சது நீதானா என்றான். பார்த்தால் அப்படித்தான் தெரியுது என்றேன். சொன்னதோடு போய் வண்டியிலிருந்து கம்பி இழுக்கிற கருவியை எடுத்து வந்தான். இரண்டு நாள் வேலை பார்த்தோம், பதினோரு கம்பம், ஐந்து வரிக் கம்பி, அதன் மேல் கரண்ட் கம்பி ஒன்று. காளையையும் ஆற்றங்கரை மேய்ச்சலுக்கு மாற்றிவிட்டான். மத்தியானம் உங்கம்மா பீன்ஸும் சோள ரொட்டியும் வேலி வரைக்கும் தானே நடந்து கொண்டுவந்தாள். லாயிடு இரண்டு தட்டு சாப்பிட்டான்.

சனிக்கிழமை இர்மா வந்து, வேலி முழுக்க ஒவ்வொரு கம்பத்தையும் ஆட்டிப் பார்த்துவிட்டுக் கன்றை இறக்கினாள். விற்கிற நிலை வந்தால் முதலில் அவளிடம்தான் சொல்ல வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டாள். இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். உங்கம்மா தினம் இரண்டு வேளை நடக்கிறாள், டாக்டருக்காக நடக்கவில்லை என்று என்னிடம் சொல்லிக்கொண்டே நடக்கிறாள்.

குளிர்காலத்து டயர் மாட்டாமல் வண்டியை எடுக்காதே. ஒரு வேளைகூடச் சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே. ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். இன்னொன்று. கடைசிக் கம்பம் நட்ட அன்றைக்கு லாயிடு மண்ணை மிதித்துக்கொண்டே, கெண்ட்ரா கிறிஸ்துமஸுக்கு வர்றாளா என்று கேட்டான். மூணு வருஷமா வரலை, இந்த வருஷமும் தெரியாது என்றேன். வந்தா எங்க வீட்டைத் தாண்டக் கூடாதுன்னு அந்தச் சுத்து ரோட்டுல வர வேணாம்னு சொல்லு, எங்க வாசல் வழியா வந்தா இருபது நிமிஷம் மிச்சம், கர்ட் வசந்தத்துலயே டல்சாவுக்குப் போயிட்டான், நான் வெளிய நின்னா கை காட்டுவேன், அவ காட்டணும்னு இல்லை என்றான். அவன் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. உங்கம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை, சொன்னால் இன்றைக்கே போய் ஜன்னலில் நின்றுவிடுவாள். நீ ஒரு பதில் எழுது, அப்புறம் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
டெல்மர் கிம்ப்ரோ