யாரோடது இந்தப் பதினாலு கிலோ?

மார்ச் 4, செவ்வாய்

காலையில் முதல் போணி ஒரு பருத்த வக்கீல். கறுப்புக் கோட்டோடு என் எடை மிஷினில் ஏறினார். முள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, "சார், இதுல கோட்டு எவ்வளவு, நீங்க எவ்வளவு?" என்று கேட்டேன். கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு மறுபடி ஏறினார். முள் பழைய இடத்தை விட்டு அசையவே இல்லை. பழி போட ஆளில்லாமல் இறங்கிப் போனார்.

பஸ் நிலையத்துக் கடிகாரத்துக்குக் கீழே, டிக்கெட் கவுன்ட்டருக்கும் கழிப்பறைக்கும் நடுவில்தான் என் இடம். எடை மிஷினுக்கும் எனக்கும் ஒரே வியாதி, முட்டி. எண்ணெய் போட்டால் ரெண்டு பேரும் ஓடுவோம்.

மத்தியானம் ஒரு பொடியன், ஒற்றைச் செருப்போடு தனியாக நின்றான். அழுகை தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது, வெளியே விடலாமா வேண்டாமா என்று யோசிக்கிறான். இந்த மாதிரிப் பிள்ளையைத் தூக்கக் கூடாது. இடத்தை விட்டு நகர்த்தவும் கூடாது. தொலைத்தவர்கள் தொலைத்த இடத்துக்குத்தானே ஓடி வருவார்கள்? "துரை, எடை பாக்கலாமா?" என்றேன். தானே ஏறிவிட்டான். முள் ஆடுகிற வரைக்கும் எந்தப் பிள்ளையும் இறங்காது. அப்புறம் என் வேலை சுலபம், கத்த வேண்டியதுதான்.

"பதினாலு கிலோ! யாரோடது இந்தப் பதினாலு கிலோ? ஆளில்லன்னா நானே வச்சுக்குவேன்!"

கூட்டம் சிரித்தது. சிரிப்பு வந்த பக்கம் எல்லாத் தலையும் திரும்பும், அதுதான் கணக்கு. டீக்கடைக்காரம்மா கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினாள். காவலாளி விசிலை ஊதினான். (அவனுக்கே விசில் என்றுதான் பேர் வைத்திருக்கிறேன். வீட்டிலும் மனைவி அப்படித்தான் கூப்பிடுகிறாளாம்.) தாய்க்காரி மற்றொரு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவளைத் திட்ட நாலு பேர் வாய் திறந்தார்கள். "ஏன், நீங்க ஒரு தடவைகூடக் குடையத் தொலைச்சதில்லையா?" என்றேன். மூடிக்கொண்டார்கள்.

மார்ச் 5, புதன்

முட்டி வலி. டீக்கடைக்காரம்மாவின் டீ அதைவிடக் கொடுமை. அவளிடமே சொன்னேன். இரண்டாவது டீ கிடைக்கவில்லை.

மார்ச் 8, சனி

பேனாவை மூன்று தடவை மூடித் திறந்துவிட்டேன். கோபமா பயமா, தெரியவில்லை.

மஞ்சள் கவுன் போட்ட ஒரு குட்டி. நாலு வயதுகூட இருக்காது. கவுன்ட்டர் வரிசைக் கால்களுக்கு நடுவே தனியாக வந்தது. எடை பாக்கலாமா என்றதும் தானே மிஷினில் ஏறியது. பதின்மூன்று கிலோ.

"பேரு என்ன தாயி?"

"இல்ல."

"அம்மா எங்க?"

"இல்ல."

எல்லாவற்றுக்கும் இதே பதில். சிரித்துக்கொண்டே கத்த ஆரம்பித்தேன். அப்போது நீலச் சட்டை போட்ட ஒரு ஆள் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தான். அது வீறிட்டுக் கத்தி மிஷின் மேலேயே உட்கார்ந்துவிட்டது.

"சார், நீங்க யாரு?"

"அப்பா. தள்ளு."

"பாப்பா, இது அப்பாவா?"

"இல்ல!"

சுற்றியிருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் நான் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தேன். "கோவிச்சுக்காதீங்க சார். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. பாப்பா காதுல என்ன போட்டிருக்கு, சொல்லுங்க."

முழித்தான். "தோடு... சின்ன தோடு."

பிள்ளையின் காதில் ஒன்றுமே இல்லை. இன்னும் குத்தவே இல்லை.

அவ்வளவுதான். "பிள்ள பிடிக்கிறவன்யா!" என்று எவனோ கத்தினான். எவனோ காலரைப் பிடித்தான். பொத்தான் தெறித்து என் காலடியில் விழுந்தது. நான் நடுவில் புகுந்து, "கைய எடுறா! கேக்கறது வேற, அடிக்கிறது வேற!" என்று கத்தினேன். யாரோ முழங்கையால் என் நெஞ்சில் இடித்தான். காவலாளி விசில், ஊதுவதை விட்டுவிட்டு இரண்டு பேரைப் பின்னால் இழுத்துத் தள்ளினான்.

அதற்குள் கழிப்பறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். "என்னங்க இது? அய்யோ, அவர விடுங்க!" மஞ்சள் கவுன் அவளிடம் தாவி, "அப்பா மிட்டாய் வாங்கித் தரல," என்றது.

நிஜமாகவே அப்பா. மிட்டாய்க்காக அப்பன் வேலையிலிருந்து நீக்கியிருக்கிறது!

யாரும் சிரிக்கவில்லை. காலரைப் பிடித்தவன் காணாமல் போயிருந்தான். அந்த மனிதர் சட்டையை ஒரு கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "உன்ன சும்மா விடமாட்டேன்," என்றார்.

பொத்தானை எடுத்து வைத்திருக்கிறேன். ஏன் எடுத்தேன்? கீழே கிடக்க மனசு கேட்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

அந்த ஆள் விடவில்லை. நிலைய அதிகாரி என்னை மாடிக்குக் கூப்பிட்டார். அவருக்கு நான் வைத்த பேர் இஸ்திரி. உட்கார்ந்தால் சட்டை மடிந்துவிடும் என்று நின்றுகொண்டே பேசுவார்.

"பெரியவரே, தனியா நிக்கிற குழந்தைய மேல ஆபீசுக்குக் கொண்டு வரணும். நாங்க மைக்குல சொல்வோம். பயணிகள நிறுத்திக் கேள்வி கேக்கறதுக்கு நீங்க யாரு?"

"நான் யாருமில்ல சார். ஆனா உங்க மைக்குல வர்றது பஸ் பேரா குழந்த பேரான்னு சொன்னவருக்கே தெரியாது. இந்த மாடிக்குக் கொண்டாந்து உக்கார வச்சா யாரு பாப்பாங்க? அந்தச் சுவத்துப் பல்லியா?"

பல்லியைத் திரும்பிப் பார்த்தார். நல்ல மனுஷன்தான், பார்க்காமல் இருக்க முடியவில்லை. அப்புறம் சொன்னார்: வெள்ளிக்கிழமை அந்த அப்பா வருவார். நடந்ததுக்கெல்லாம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் மிஷினோடு வெளியே.

எதற்கு மன்னிப்பு? அதை யாரும் பிரித்துச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

மகளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டை வைத்த சத்தத்திலேயே தெரிந்தது.

"அப்பா, காலம் கெட்டுக் கிடக்கு. நாளைக்கு உங்களையே பிள்ள பிடிக்கிறவன்னு நினைச்சு அடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"அதுக்குத்தான் பிள்ளையத் தொடறதே இல்ல. மிஷின்தான் தொடுது. அடிச்சா அத அடிக்கட்டும், இரும்பு."

"விளையாடாதீங்கப்பா! உங்களுக்கு எதுக்கு ஊர்ப் பிள்ளைங்க வம்பு? வெள்ளிக்கிழம ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடுங்க. வாய் தேஞ்சா போயிடும்?"

மருமகன் தலையைக் குனிந்து சாப்பிட்டார். அவர் எந்தச் சண்டையிலும் சோற்றின் கட்சி.

அவள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த மிஷினை எடுத்துவிட்டால் நான் என்ன? சாய்வு நாற்காலியில் கிடக்கிற இன்னொரு கிழவன். காலையில் ஒரு வக்கீலைச் சீண்ட முடியாது. பேசாமல் கேட்டுவிடலாமா? ஒரு வார்த்தைதானே?

ஆனா எங்கயோ இடிக்குது. கேக்கமாட்டேன். கேட்டா அடுத்த பிள்ள நிக்கும்போது என் வாய் எழும்பாதே!

மார்ச் 14, வெள்ளி

முழுசாக எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு நானே கொஞ்சம் கூட்டிச் சொல்வேன்.

நீலச் சட்டை வந்திருந்தார். மாடி வராந்தா ஜன்னல் வழியே டீக்கடைக்காரம்மா எட்டிப் பார்த்தாள், கதவருகே விசில். இஸ்திரி நின்றுகொண்டிருந்தார். நான் வீட்டிலேயே யோசித்து வைத்திருந்த கிண்டல் நாலைந்து இருந்தது. அந்த மனிதர் பேச ஆரம்பித்ததும் எல்லாம் போய்விட்டது.

"என் பொண்ணு கண்ணு முன்னாடி என் சட்டையப் பிடிச்சாங்க. இப்ப தூக்கத்துல 'அப்பாவ அடிக்காத'ன்னு கத்தறா. நான் என்ன தப்புப் பண்ணேன்? என் பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போக வந்தேன்."

நான் பொத்தானை எடுத்து மேசையில் வைத்தேன். "சார், உங்க மேல கை விழுந்துச்சு. அத என்னால தடுக்க முடியல. பிள்ளைய அழவிட்டேன். அதுக்கு எத்தன தடவ வேணும்னாலும் மன்னிப்புக் கேக்கறேன். மன்னிச்சுக்கங்க."

இஸ்திரிக்கு முகம் மலர்ந்தது. "சரி, முடிஞ்சது..."

"முடியல சார். உங்கள நிறுத்திக் கேட்டேனே, அதுக்கு மன்னிப்புக் கேக்கமாட்டேன்."

"பெரியவரே!"

"இருங்க. சார், நீங்க அப்பன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா? நாளைக்கு இதே மஞ்சக் கவுனு இதே இடத்துல தனியா நிக்குது. எவனோ ஒருத்தன் வந்து 'நான்தான் அப்பா'ங்கறான். தூக்கிக் குடுத்துடவா? நீங்களே சொல்லுங்க. குடுக்கவா, வேண்டாமா?"

அவர் மேசைக்குக் குனிந்தார். பொத்தானை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

"மிஷின வெளிய எடுங்க," என்றார் இஸ்திரி. குரல் சட்டை மாதிரியே விறைப்பு.

விசில்தான் ஒரு பக்கம் பிடித்தான். "தாத்தா, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்," என்றான். "சொன்னேனேடா, அவருக்குப் பிடிக்காத வார்த்தையா போச்சு," என்றேன்.

மார்ச் 15, சனி

மகள் கேட்டாள். சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன், முட்டிக்கு எண்ணெய் சூடு பண்ணிக்கொண்டு வந்தாள்.

மார்ச் 19, புதன்

வாசலுக்கு வெளியே, வாடகைக் கார்கள் நிற்கிற இடத்தில் இருக்கிறேன். வெயில். இன்று மிஷினில் ஏறிய ஒரே வாடிக்கையாளர் ஒரு நாய். இறங்க மறுத்துவிட்டது. "நீயாவது மதிக்கிறியே," என்றேன்.

உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டால் எழுந்துவிடுகிறேன். இரண்டு தடவையும் வெறும் பசி அழுகை. கார் டிரைவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்! வெளிய தள்ளினா காதையும் கழட்டி உள்ள வச்சுட்டா வர முடியும்?

மார்ச் 27, வியாழன்

பேய் மழை. மிஷினுக்குச் சாக்கைப் போர்த்திவிட்டு உள்ளே ஒதுங்கினேன். வெளியே நின்றவன் எல்லாம் உள்ளே வந்து, நிலையம் தீப்பெட்டி மாதிரி நெருக்கம். அப்போது கேட்டது. பசி அழுகை இல்லை, தொலைந்த பிள்ளையின் அழுகை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். முட்டி ஒத்துழைக்கவில்லை. அதற்குள் கரண்டிச் சத்தம் கேட்டது. விசில் கேட்டது. என் பழைய இடத்தில், கடிகாரத்துக்குக் கீழே வட்டமாக ஆட்கள். எட்டிப் பார்த்தேன்.

ஈரத் தரையில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எதிரில், ஒரு முழ இடம் விட்டு, அவனைத் தொடாமல், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யாரு? நீலச் சட்டை! (இன்று போட்டிருந்தது வெள்ளை. எனக்கு அவர் எப்போதும் நீலச் சட்டைதான்.)

"யாரோடது இந்தப் பையன்? யாரோடது?" கத்தத் தெரியவில்லை அவருக்கு. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. ஆனால் விடாமல் கத்தினார்.

ஒரு பெண் நனைந்துகொண்டு வந்தாள். "டேய் தங்கம்! வாடா, அத்தை வந்துட்டேன்."

"மன்னிக்கணும்மா," என்றார் அவர். "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க. இவன் சட்டையில என்ன படம்?"

"நீ யாருய்யா அதக் கேக்க?"

கூட்டத்தில் ஒருவன் முன்னால் வந்தான், அவள் மேல் கையை ஓங்கிக்கொண்டு. நீலச் சட்டை உட்கார்ந்த இடத்திலிருந்தே, "யாரும் கை வைக்கக் கூடாது!" என்று ஒரு அதட்டல் போட்டார். அது நன்றாகவே வந்தது. அப்புறம் அந்தப் பெண்ணிடம் தணிந்து சொன்னார்: "நான் யாருமில்லம்மா. இவனோட ஆளுங்க வர்ற வரைக்கும் கூட உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்."

அவள் முகத்து ஈரத்தைத் துடைத்தாள். திரும்பி நின்றாள். "யானை. ஒரு காது கிழிஞ்சிருக்கும், நான்தான் தச்சேன். சிவப்பு நூலு."

பையன் ஏற்கெனவே அவள் காலைக் கட்டிக்கொண்டிருந்தான். எழுந்தவரின் பேன்ட் பின்பக்கம் முழுக்கச் சேறு.

என்னால் சும்மா இருக்க முடியுமா? "யோவ் நீலச் சட்டை! எடை சொல்லாம என்னய்யா பிள்ள காக்கறது?"

திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "மிஷின வெளிய வச்சுட்டு வந்தா எப்படிச் சொல்றது?" என்றார்.

டீக்கடைக்காரம்மா எனக்கும் அவருக்கும் டீ கொண்டுவந்தாள். "ரெண்டுமே பெருசோட கணக்குல," என்றாள். டீ அதே கொடுமை. ரெண்டு பேரும் முகம் சுளித்தோம், ஒரே நேரத்தில்.

மார்ச் 28, வெள்ளி

காலையில் மிஷினை உள்ளே தூக்கினோம். ஒரு பக்கம் விசில், மறுபக்கம் நீலச் சட்டை. நான் பின்னால் நடந்து, "பாத்து, பாத்து, உங்கள விட அதுக்கு வயசு அதிகம்," என்று திட்டிக்கொண்டே வந்தேன். அனுமதி யாரும் கொடுக்கவில்லை. நாங்களும் யாரையும் கேட்கவில்லை. மாடிக் கம்பி ஓரமாக இஸ்திரி நின்று எங்களையே பார்த்தார். "அந்தக் குழந்தையோட அத்தை என்கிட்ட வந்து நன்றி சொல்லிட்டுப் போனாங்க," என்று அங்கிருந்தே சொன்னார். "நான் என்ன பண்ணேன்னு தெரியல." உள்ளே போய்விட்டார். பல்லியைப் பார்க்கப் போயிருப்பார்.

இன்று அதே நீலச் சட்டைதான். மேல் பொத்தான் வெள்ளை நூலில் தைத்திருந்தது. கூடவே மஞ்சள் கவுன், அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் பாதி முகம். என்னைப் பார்த்ததும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டது. அது எனக்குக் கொஞ்சம் குத்தியது. "தாயி, முள்ளு உன்னக் கேட்டுச்சு," என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத்தான் ஏறியது.

"இது யாரு, அப்பாவா?"

"இல்ல!"

இந்தத் தடவை முதலில் சிரித்தது அவர்தான்.

"பதிமூணரை கிலோ! யாரோடது இந்தப் பதிமூணரை?"

"என்னோடது," என்றார்.

நான் சொல்லாமலே அந்தப் பக்கம் திரும்பி நின்றார். சுவரைப் பார்த்துக்கொண்டு, நிலையமே கேட்கிற மாதிரி சொன்னார்:

"காதுல ஒண்ணுமில்ல. இன்னும் குத்தல."