பிளாஸ்டிக் புல்லுக்கு அடியில்

சித்தி,

பள்ளிவிட்டு வந்து சைக்கிளை நிறுத்தியபோது, மழைக்குப் பின் வெயில் பட்ட பிளாஸ்டிக் புல்லின் வாடை வந்தது. சூடான ரப்பரும் ஈர மணலும் கலந்த வாடை. சீருடையைக்கூட மாற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன். நீங்கள் மருத்துவமனையிலிருந்து திரும்பாமல் போய் ஐந்து மாதம் ஆகிறது. இன்னமும் மழை பெய்தால் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. முற்றத்தில் தண்ணீர் போகிறதா, நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தால்தான் பாடம் மண்டையில் ஏறுகிறது.

கிள்ளானில் நம் தாமான் குடியிருப்பு முழுக்கக் களிமண். மழை விட்டு இரண்டு நாள் ஆனாலும் நம் முற்றத்தில் தண்ணீர் இறங்காது. சிறுவயதில் போலியோவில் மெலிந்த உங்கள் வலது காலுக்கு ஊன்றுகோல்தான் துணை. அது அந்தச் சேற்றில் ஒரு சாண் இறங்கிவிடும். பிடுங்கினால் அதன் ரப்பர் முனை உள்ளேயே தங்கிவிடும். அதனால் மழை நாளில் அப்பா உங்களைத் தூக்கிப்போய் கேட்டுக்கு வெளியே இறக்கிவிடுவார். எதிர்வீட்டு ஆன்டி வேடிக்கை பார்ப்பார். "என்னா அத்தான், நான் என்ன அரிசி மூட்டையா?" என்று சிரிப்பீர்கள். இரண்டு எட்டு வைத்ததும் அந்தச் சிரிப்பு போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பா லோரியை எடுத்துக்கொண்டு விடியுமுன் போய்விட்டால் உங்களைத் தூக்க ஆளில்லை. அன்று வேலையும் இல்லை. தையல் கடை முதலாளியம்மா ஒருநாள் சொல்லிவிட்டார்: "பொங்கல் வரைக்கும் பாக்குறேன். அப்புறமும் மழைன்னு லீவு போட்டா வேற ஆள் வைக்கணும் லா. கோவிச்சுக்காத."

அதைக் கேட்ட வாரம்தான் அப்பா அந்தப் பச்சைப் பிளாஸ்டிக் புல் சுருளைக் கொண்டுவந்தார். "பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு ஹாக்கித் திடல்ல பழசப் பேத்துட்டாங்க. குப்பைக்குப் போறத நான் கேட்டு வாங்கிட்டேன்." நான் அன்றே நூலகத்துக்கு ஓடினேன். செயற்கைப் புல் சேறாகாது, தண்ணீரை வடியவிடும் என்று ஒரு புத்தகத்தில் இருந்ததைச் சாப்பாட்டு வேளையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். நீங்கள் சோற்றைப் பிசைந்தபடியே, "புத்தகத்துல போட்டுருக்கா? அப்ப சரி" என்றீர்கள். அந்த 'அப்ப சரி' இப்போதும் என்னைக் குத்துகிறது.

அப்பா களிமண்ணை மிதித்துச் சமப்படுத்தி, சுருளை விரித்து, காய்ச்சிய கம்பியால் துளைகள் போட்டார். "மாடு வந்து மேஞ்சிடப் போகுது, பாத்துக்குங்க!" என்று எதிர்வீட்டு ஆன்டி கத்தினார். வெயில் இருந்தவரை நீங்கள் காரணமே இல்லாமல் கேட் வரை போய்ப் போய் வந்தீர்கள். பிறகு மழை வந்தது. மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை என்று நான் குதித்தேன். ஆனால் ஊன்றுகோலை ஊன்றினால் ஈர மெத்தையில் குத்தியதுபோல் அமுங்கியது. மூன்றாம் நாள் காலை அது வழுக்கியது. கால் நீட்டிப் பச்சையில் உட்கார்ந்திருந்தீர்கள். தெருமுனையில் உங்கள் பஸ் போயிற்று. தூக்க ஓடிவந்தேன். "தொடாத" என்றீர்கள்.

பொங்கலன்று காலையில்தான் அம்மா கேட்டார்: "ஏங்க, அடுப்பு எங்க வைக்கிறது?" வருடா வருடம் முற்றத்தில் பொங்கல் வைக்கும் நம் வீட்டில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. "ஓரமா வைப்போம், ஒண்ணும் ஆவாது" என்று அப்பா புல்லின் மேலேயே செங்கல்லை அடுக்கினார். பால் பொங்குவதற்கு முன்னால் புல் உருகியது. ஒரு செங்கல் அமிழ்ந்து பானை சாய்ந்து பாதிப் பால் தரைக்குப் போனது. "பொங்கலோ பொங்கல்!" என்று முதலில் கத்தியது எதிர்வீட்டு ஆன்டிதான்.

தீயை அணைத்துவிட்டு, கருகிய இடத்தை அப்பா மண்வெட்டியால் நெம்பினார். அடியில் கறுப்புத் தண்ணீர். துளை வழியே இறங்கிய மழையெல்லாம் அங்கேயே கிடந்தது. களிமண் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

உங்கள் பக்கம் வந்தேன். "சித்தி, அடியில என்ன போடணும்னு அந்தப் புத்தகத்துல ஒரு பக்கம் இருந்துச்சு. நான் படிக்கல."

"ஏன்?"

"படம் இல்ல."

திட்டுவீர்கள் என்று நின்றேன். அம்மாவைப் பார்த்தீர்கள், சாய்ந்த பானையைப் பார்த்தீர்கள். "போய் எடுத்துட்டு வா. சத்தமா படி. அத்தான் வெட்டட்டும்."

அந்தப் பக்கத்தின்படி அரையடிக் களிமண்ணை அள்ளி எறிய வேண்டும், கால்வாய்ப் பக்கம் சரிவு வேண்டும், துளையிட்ட குழாய், அதைச் சுற்றியும் மேலும் சரளைக்கல், பிறகு மணல், கடைசியில்தான் புல். "இத அன்னைக்கே படிச்சிருந்தா பால் மிஞ்சியிருக்கும்" என்று அப்பா முனகிக்கொண்டே நான்கு நாள் மாலையில் வெட்டினார். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து தையல் நூலை இழுத்துப் பிடித்து, பாவாடைக் கரை பார்க்கும் அதே கண்ணால் சரிவு பார்த்தீர்கள். "இந்தப் பக்கம் தூக்கி நிக்குது அத்தான், இன்னும் கொஞ்சம் எடுங்க."

அடுத்த வாரம் ஒரு காலை. பெருமழை. அப்பா போய்விட்டிருந்தார். நீங்கள் குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு இறங்கினீர்கள். நான் கையை நீட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"பின்னால வராத. நீ புடிச்சுக்கிட்டு வர்றதுன்னா எதுக்குடி இவ்வளவு தோண்டுனோம்?"

நின்றுவிட்டேன். குழாயின் வாயிலிருந்து தண்ணீர் கால்வாயில் விழும் சத்தம் கேட்டது. ஊன்றுகோல் அமுங்கவில்லை. கேட்டைத் திறந்து, வெளியே போய், கொக்கியை நீங்களே மாட்டினீர்கள். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் மழைக்காக நீங்கள் ஒரு நாளும் லீவு போடவில்லை.

நீங்கள் காய்ச்சலில் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, எந்தப் பக்கத்தைப் படிக்காமல் தாண்டினேன் என்றே மனம் தேடிக்கொண்டிருந்தது. எந்தப் புத்தகம் என்றுகூடத் தெரியவில்லை. அந்தத் தேடல் இன்னும் நிற்கவில்லை, சித்தி. இப்போதும் எழுந்து போய் வந்துதான் இந்த வரியை எழுதுகிறேன்.

போன வாரம் பஸ் நிலையத்தில் ஒரு சீனப் பாட்டி கைத்தடியோடு படிக்கட்டின் முன் தயங்கி நின்றார். என் கை தானாக நீண்டது. இழுத்துக்கொண்டேன். அவர் காலடியைப் பார்த்தேன். முதல் படியில் ஒரு நனைந்த பிளாஸ்டிக் பை கிடந்தது. குனிந்து அதை எடுத்தேன். அவர் தானாகவே ஏறிப் போனார்.